‘நல்லவனுக்கு எவன் ஓட்டுப் போடுறான்?’

தேர்தலைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மூரில் இந்த ஒரு வரி வந்து விழாமல் இருக்காது. டீக்கடை பெஞ்சில் விழும், கல்யாணப் பந்தியில் விழும், ரயிலில் எதிர் சீட்டில் இருப்பவர் வாயிலிருந்தும் விழும். சொன்ன கையோடு சாட்சிக்கு ஒரு பெயரையும் இழுத்துவிடுவார்கள்: “காமராஜரையே தோற்கடிச்ச ஜனங்கதானே நாம?” அதற்கு மேல் யாரும் பேசுவதில்லை. கேட்டவரும் தலையை ஆட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

நான் விருதுநகர் மாவட்டத்துக்காரன். சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். அந்தத் தோல்வியை எங்கள் ஊர்ப் பழியாகவே கேட்டு வளர்ந்தவன். வெளியூரில் யாராவது சொந்த ஊர் கேட்டு, நான் பதில் சொன்னால், “ஓ, காமராஜரைத் தோற்கடிச்ச ஊரா?” என்று வரும். அதனாலேயே இந்த விஷயத்தைத் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன், பழைய ஆட்களிடம் கேட்டிருக்கிறேன், கிடைத்ததை எல்லாம் படித்திருக்கிறேன். இன்று எனக்கு இதில் தீர்மானமான எண்ணம் ஒன்று உண்டு. வேட்பாளர் எப்படிப்பட்டவர் என்று மக்கள் பார்ப்பதில்லை என்பது தவறு. பார்க்கிறார்கள், படித்தவர்கள் நினைப்பதைவிடக் கூர்மையாகவே பார்க்கிறார்கள். கை சுத்தமான ஆளா என்பதோடு அவர்கள் நிறுத்திக்கொள்வதில்லை. அந்தச் சுத்தம் தன் வீட்டு வாசல் வரை வருமா என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

முதலில் காமராஜர் தோற்ற அந்த 1967 தேர்தல் கதையையே எடுத்துக்கொள்வோம்.

காமராஜர் 1954-ல் முதலமைச்சர் ஆனபோது சட்டசபையில் உறுப்பினர் இல்லை. குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றார். எதிர் முகாமில் இருந்த தி.மு.க.வே அன்று அவரை ஆதரித்தது. பிறகு 1957-லும் 1962-லும் எங்கள் சாத்தூர் தொகுதியில் ஜெயித்தார். 1963 அக்டோபர் 2-ம் தேதி, கட்சி வேலைக்காக முதலமைச்சர் பதவியை அவராகவே விட்டுவிட்டு டெல்லி போனார். அகில இந்திய காங்கிரஸ் தலைவராக இருந்து 1964-ல் சாஸ்திரியையும் 1966-ல் இந்திரா காந்தியையும் பிரதமர் நாற்காலியில் உட்கார வைத்ததில் அவர் கைதான் பெரிய கை. 1967-ல் சொந்த ஊரான விருதுநகரில் நின்றார். தி.மு.க. நிறுத்திய மாணவர் தலைவர் பெ.சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் தோற்றார்.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனியுங்கள். 1967-ல் சென்னையில் ஆட்சி நடத்தியவர் காமராஜர் இல்லை, பக்தவத்சலம். மூன்று வருஷத்துக்கு மேலாக அவருடைய ஆட்சி. 1965-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டம். மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு. அதைத் தொடர்ந்து மழை பொய்த்து அரிசிப் பஞ்சம். ரேஷன் கடை வாசலில் நின்றே அரைநாள் போய்விடும் என்று அந்தக் கால ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த வரிசையில் நின்றவர்களிடம் தி.மு.க. ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி’ என்றது. ராஜாஜியின் சுதந்திராக் கட்சி முதல் கம்யூனிஸ்டுகள் வரை ஒரே அணியில் சேர்ந்திருந்தார்கள். 1967 ஜனவரி 12-ம் தேதி எம்.ஜி.ஆர். சுடப்பட்டார், கழுத்தில் கட்டோடு அவர் இருக்கும் படம் சுவரெல்லாம் ஒட்டப்பட்டது. அந்தத் தேர்தலில், 1962-ல் 139 இடம் பிடித்திருந்த காங்கிரஸ் ஐம்பது இடத்துக்குப் பக்கம் இறங்கியது. முதலமைச்சர் பக்தவத்சலமே ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு, ‘காமராஜர் நல்லவர் இல்லை என்று விருதுநகர் ஜனங்கள் முடிவு செய்துவிட்டார்கள்’ என்று சொல்ல முடியுமா? எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. சீனிவாசனுக்குப் போட்டவர்கள்கூட, “அவர் மேல ஒரு குத்தமும் இல்லப்பா, அரிசி இல்லையே” என்றுதான் சொல்வார்கள். மாநிலம் முழுக்கக் கட்சி சாய்ந்தபோது அவர் ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு வித்தியாசம் வரை தாக்குப்பிடித்திருக்கிறார். அந்தத் தாக்குப்பிடித்தலில் அவருடைய குணத்துக்கு எவ்வளவு பங்கு என்று எவராலும் எண்ணிச் சொல்ல முடியாது. ஆனால் பங்கே இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வராது.

கதை அங்கே முடியவும் இல்லை. நேசமணி இறந்து காலியான நாகர்கோவில் நாடாளுமன்றத் தொகுதிக்கு 1969-ல் இடைத்தேர்தல் வந்தது. காமராஜர் நின்றார், லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அப்போது மாநிலத்தில் தி.மு.க. ஆட்சி. 1971-ல் தி.மு.க.வும் இந்திரா காங்கிரசும் கூட்டுச் சேர்ந்து தமிழ்நாட்டையே அள்ளிக்கொண்டு போனபோது, காமராஜர் இருந்த ஸ்தாபன காங்கிரசுக்கு இங்கே கிடைத்தது ஒரே ஒரு நாடாளுமன்ற இடம். அது நாகர்கோவில், ஜெயித்தவர் காமராஜர். ‘அந்த மனுஷனையே தோற்கடிச்சாங்க’ என்று சொல்பவர்கள் இந்தப் பாதியை ஏனோ சொல்வதே இல்லை.

காமராஜருக்கு அடுத்தபடியாகச் சொல்லப்படும் பெயர் கக்கன். மேலூர்ப் பக்கம் தும்பைப்பட்டியில் பிறந்தவர். 1957 முதல் பத்து வருஷம் அமைச்சர். பொதுப்பணித் துறை, விவசாயம், உள்துறை எல்லாம் பார்த்தவர். பதவி போன பிறகு தனக்கென்று எதுவும் இல்லாமல் வாழ்ந்தார். மதுரை அரசு மருத்துவமனையில் சாதாரண வார்டில் படுத்திருந்தவரை, வேறொருவரைப் பார்க்க வந்த எம்.ஜி.ஆர். தற்செயலாகக் கண்டார் என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. 1981-ல் காலமானார். இப்படிப்பட்ட மனிதர் 1967-ல் மேலூர் தெற்கில் தோற்றார்.

கக்கனின் எளிமையைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1965-ல் போலீஸ் துறை யார் கையில் இருந்தது? உள்துறை அமைச்சர் கக்கன்தான். துப்பாக்கிச் சூட்டில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய், ‘அமைச்சர் தனக்கு ஒரு வீடுகூடக் கட்டிக்கொள்ளவில்லை தெரியுமா’ என்று சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்? தனி மனிதனாக அப்பழுக்கற்றவராக இருப்பது ஒன்று, பதவியில் இருக்கும்போது நடந்தவற்றுக்குப் பொறுப்பேற்பது வேறொன்று. வாக்காளர் இரண்டையும்தான் பார்க்கிறார். இரண்டாவதை அவர் பார்த்ததற்காக நன்றி கெட்டவர் என்று திட்டுவது நியாயமே இல்லை.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். குணத்தை மக்கள் எப்படி எடை போடுகிறார்கள் என்பதை நான் கண்ணெதிரே பார்த்தது 2019 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலில்.

கிராமப்புற உள்ளாட்சித் தேர்தலில் ஒரு ஆளுக்கு நாலு ஓட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் இரண்டுக்கும் கட்சி கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ என்று சுயேச்சைச் சின்னங்கள். பின்னால் உள்ள இரண்டும் கட்சிச் சின்னத்தில் நடப்பவை. நாலையும் ஒரே மறைப்புக்குள் வைத்து முத்திரை குத்தி, மடித்து, பெட்டியில் போட வேண்டும்.

எங்கள் ஊரில் தலைவர் பதவிக்கு நின்றவர்களில் இரண்டு பேருக்குள்தான் போட்டி. ஒருவர் ஓய்வு பெற்ற வாத்தியார். ஒரு பைசா தப்பாகத் தொடாதவர், அதிர்ந்து பேசாதவர். இன்னொருவர் குட்டியானை வண்டி வைத்து லோடு அடிக்கிறவர். வாய் நீளம், சாயங்காலமானால் கொஞ்சம் குடிப்பழக்கமும் உண்டு. என் விருப்பம் வாத்தியார்தான், ஒளிக்கவில்லை. ஓட்டுப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்த அத்தையிடம், “வாத்தியாருக்குத்தானே அத்தை போட்டீங்க?” என்றேன்.

“வாத்தியாரு தங்கமான மனுசன், மருமவனே. ஆனா அவரு வீட்டுக் கதவு எப்பவும் சாத்தியேல்ல இருக்கும்” என்றாள் அத்தை.

பிறகு வண்டிக்காரரைப் பற்றிச் சொன்னாள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு பெண் பட்டாசு ஆபீஸ் விபத்தில் கைகள் வெந்துபோய்க் கிடந்தபோது தன் வண்டியிலேயே மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனவர் அவர்தான். போனது மட்டுமில்லை, நிவாரணப் பணம் வரும்வரை அந்தப் பெண்ணின் மாமியாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் அலைந்திருக்கிறார். மனு எழுத ஆள் பிடித்திருக்கிறார். ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல், மருத்துவமனைச் சீட்டு என்று ஒவ்வொரு முறையும் கேட்ட ஒவ்வொரு தாளையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அவரே பத்திரமாக வைத்திருந்தாராம். “போன் அடிச்சா எடுப்பான். ராத்திரி பன்னண்டு மணிக்கும் எடுப்பான். குடிச்சிருந்தாலும் எடுப்பான்.” இது அத்தையின் சர்டிபிகேட்.

“சரி, மஞ்சச் சீட்டுல?”

“அதுல எப்பவும் போடுற சின்னந்தான். நின்ன ஆளு யாருன்னே தெரியாது. அது கட்சிக்குப் போட்டது, இது ஆளுக்குப் போட்டது.”

அந்தத் தேர்தலில் வண்டிக்காரர்தான் ஜெயித்தார். அத்தை சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் நான் தேடிக்கொண்டிருந்த பதில் இருந்தது. ஒரே மறைப்புக்குள், ஒரே நிமிஷத்தில், ஒரே கை இரண்டு விதமாக முடிவு செய்கிறது. பக்கத்திலேயே இருந்து, தினமும் பார்க்கக்கூடிய ஆள் என்றால் குணம் முதலில் வருகிறது. தொலைவில் இருக்கும் பதவி என்றால் சின்னம் முதலில் வருகிறது. இது அறியாமையால் நடப்பது இல்லை. அத்தைக்கு மாவட்டக் கவுன்சிலரின் குணத்தைத் தெரிந்துகொள்ள வழியும் இல்லை, தெரிந்து ஆகப்போவதும் அதிகம் இல்லை.

தொலைவில் இருக்கும் இன்னொரு பதவியான எம்.எல்.ஏ. பதவியை எடுத்துக்கொண்டால், தெரிந்து ஆகப்போவது அதிகம் இல்லை என்று நான் சொல்வதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. கொறடா உத்தரவை மீறி ஒரு எம்.எல்.ஏ. ஓட்டுப் போட்டால் பதவி பறிபோகலாம். காசுக்காகக் கட்சி மாறுவதைத் தடுக்கக் கொண்டுவந்த சட்டம். அந்த நோக்கத்தில் குறையில்லை. ஆனால் இதன் இன்னொரு விளைவைப் பாருங்கள். ஒரே கட்சியில் இருக்கும் நேர்மையான எம்.எல்.ஏ.வும் நேர்மையற்ற எம்.எல்.ஏ.வும் சபையில் ஒரே பக்கம்தான் கை தூக்க வேண்டும். மனசாட்சிப்படி ஓட்டுப் போடும் இடமே அவருக்கு இல்லாதபோது, அவருடைய மனசாட்சி எப்படிப்பட்டது என்று வாக்காளர் ஏன் மெனக்கெட்டு விசாரிக்க வேண்டும்? யார் முதலமைச்சர் என்பதை மட்டும் பார்த்துச் சின்னத்தில் அழுத்திவிட்டு வருகிறார். அவரைக் குறை சொல்லும் முன் இந்த ஏற்பாட்டை நாம் குறை சொல்ல வேண்டும்.

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன். கிரிமினல் வழக்கு உள்ளவர்கள் எப்படி ஜெயிக்கிறார்கள்?

வேட்பாளர்களே தாக்கல் செய்த பிரமாணப் பத்திரங்களை வைத்து ஏ.டி.ஆர். என்ற அமைப்பு ஒவ்வொரு தேர்தலிலும் கணக்கெடுக்கிறது. 2014-ல் மக்களவைக்கு ஜெயித்தவர்களில் 34 சதவீதம் பேர் தங்கள் மீது கிரிமினல் வழக்கு இருப்பதாகச் சொன்னார்கள். 2019-ல் 43 சதவீதம். 2024-ல் 543 பேரில் 251 பேர், அதாவது 46 சதவீதம். இதில் மறியல் வழக்கு, போராட்ட வழக்கு எல்லாம் கலந்திருக்கும். வழக்கு இருந்தாலே குற்றவாளி என்று ஆகிவிடாது. ஆனாலும் பத்து வருஷத்தில் இந்த எண் இறங்கவே இல்லை, ஏறிக்கொண்டே போயிருக்கிறது என்பது எனக்குத் தூக்கம் கெடுக்கும் விஷயம்.

மிலன் வைஷ்ணவ் என்ற அரசியல் ஆய்வாளர் 2017-ல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். அவர் சொல்வது இதுதான்: பல இடங்களில் வேட்பாளரின் குற்றப் பின்னணி தெரியாமல் மக்கள் ஓட்டுப் போடவில்லை, தெரிந்தேதான் போடுகிறார்கள். போலீஸ் ஸ்டேஷனில் புகார் வாங்க மாட்டேன் என்கிறார்கள், கோர்ட்டில் வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது, பட்டா மாற்ற அலைய விடுகிறார்கள். அரசாங்கம் செய்ய வேண்டியதைச் செய்யாத இடத்தில், ‘நான் சொன்னா நடக்கும்’ என்று ஒருவன் வந்து நிற்கிறான். மக்களுக்கு அவன் மேல் பயமும் இருக்கிறது, அவனால் காரியம் ஆகும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர் வண்டிக்காரர்தான் நினைவுக்கு வந்தார். அவர் ரௌடி இல்லை, நல்ல மனசுக்காரர். ஆனால் அவருக்கும் அந்தப் பலசாலிக்கும் ஓட்டு விழுகிற இடம் ஒன்றேதான்: தாலுகா ஆபீஸ் வாசல். ஒருவர் கூட வந்து கால் கடுக்க நின்று காரியத்தை முடிக்கிறார், இன்னொருவர் மிரட்டி முடிக்கிறார். விபத்தில் கை வெந்த பெண்ணுக்கு அரசாங்கம் தானாகவே பணத்தைக் கொடுத்திருந்தால் இரண்டு பேருக்குமே அங்கே வேலை இல்லை. ரௌடிகள் ஜெயிக்கக் கூடாது என்று நாம் உண்மையாகவே விரும்பினால், முதலில் பட்டாவும் சாதிச் சான்றிதழும் நிவாரணமும் கேட்டவுடன் கிடைக்க வழி செய்ய வேண்டும். வாக்காளருக்கு ஒழுக்கப் பாடம் நடத்துவதால் இது மாறாது.

என்னை அதிகம் அலைக்கழித்த தேர்தல் முடிவு மணிப்பூருடையது. இரோம் ஷர்மிளா ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தை எதிர்த்து 2000 முதல் 2016 வரை, பதினாறு வருஷம் உண்ணாவிரதம் இருந்தவர். மூக்கு வழியே குழாயில் உணவு செலுத்தி உயிரோடு வைத்திருந்தார்கள். அந்தத் தியாகத்துக்கு முன்னால் நிற்கும் தகுதி இந்த நாட்டில் எத்தனை பேருக்கு இருக்கும்? 2017 சட்டமன்றத் தேர்தலில் தௌபால் தொகுதியில், மூன்று முறை முதலமைச்சராக இருந்த ஓக்ராம் இபோபி சிங்கை எதிர்த்து நின்றார். சைக்கிளில் போய் ஓட்டுக் கேட்டார். அவருக்கு விழுந்தது 90 ஓட்டு. நோட்டாவுக்கு 143.

அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பிறகு விவரங்களைப் படித்தேன். அது இபோபியின் சொந்தத் தொகுதி. சாலையும் அலுவலகமும் வேலையும் அவர் கையால் வந்த ஊர். ஷர்மிளாவின் கட்சி தொடங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பூத்தில் உட்கார ஆள் சேர்க்கவே திண்டாடும் நிலை. உண்ணாவிரதத்தை அவர் முடித்துக்கொண்டதில் அங்கே பலருக்கு வருத்தமும் இருந்தது. தௌபால்காரர்கள் அவரைக் கும்பிடத் தயாராக இருந்தார்கள்; ஆனால் நாளைக்கு ஒரு கஷ்டம் என்றால் போய்த் தட்ட வேண்டிய கதவு அவருடையது என்று நம்ப அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அந்தக் காரணத்தை உண்டாக்க அவருக்கு நேரமும் இல்லை, ஆளும் இல்லை, பணமும் இல்லை. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன்: 90 என்ற அந்த எண்ணை என்னால் இன்றும் சமாதானமாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

குணத்தைப் பார்த்து ஓட்டுப் போடுங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதில் ஒரு ஆபத்து உண்டு. பெண் வேட்பாளர்களைக் கேட்டால் தெரியும். ஆண் வேட்பாளர் குடித்தாலும், இரண்டு குடும்பம் வைத்திருந்தாலும் ஊர் அதை ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டு அவர் செய்த வேலையைப் பேசும். ஒரு பெண் நின்றால் முதல் வாரத்திலேயே அவள் நடத்தையைப் பற்றி ஒரு கதை கிளம்பிவிடும். முன்பெல்லாம் சுவரில் கரியால் எழுதினார்கள். இப்போது வாட்ஸ்அப். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் போட்டாயிற்று. ஆனால் நல்ல பெண்கள் பலர் நிற்கத் தயங்குவதற்கு இந்தக் கதைகள்தான் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். ஒருவர் யாரோடு பேசுகிறார், எப்போது வீட்டுக்கு வருகிறார் என்பதெல்லாம் பதவிக்குத் தேவையான குணம் பற்றிய கேள்விகளே இல்லை. பொதுப்பணத்தை எப்படிக் கையாள்வார், எளியவரிடம் எப்படிப் பேசுவார், அதட்டலுக்குப் பயப்படுவாரா என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள்.

முகத்தைப் பார்த்தே முடிவுக்கு வருவதும் நமக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. 2005-ல் அலெக்சாண்டர் டொடோரோவ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் அமெரிக்க செனட் தேர்தல்களில் எதிரெதிரே நின்ற வேட்பாளர்களின் படங்களை, அவர்களைத் தெரியாதவர்களிடம் காட்டி, யார் திறமைசாலியாகத் தெரிகிறார் என்று கேட்டார்கள். அந்தப் பதில் சுமார் 70 சதவீதத் தேர்தல்களில் ஜெயித்தவரோடு பொருந்தியது. இங்கே சந்துக்குச் சந்து ஃபிளெக்ஸ் பேனர் வைப்பவர்களுக்கு இந்த ஆய்வு தெரியாமல் இருக்கலாம், விஷயம் தெரியும்.

ஆனால் சரியான தகவல் சரியான நேரத்தில் கிடைத்தால் மக்கள் முகத்தையும் சின்னத்தையும் தாண்டிப் பார்க்கிறார்கள் என்பதற்கும் சாட்சி உண்டு. பிரேசிலில் 2003 முதல், குலுக்கல் முறையில் நகராட்சிகளைத் தேர்ந்தெடுத்து மத்திய அரசு தணிக்கை செய்ய ஆரம்பித்தது. சில ஊர்களின் அறிக்கை 2004 தேர்தலுக்கு முன்பே வெளியானது, சிலவற்றுடையது பின்னால் வந்தது. க்ளாடியோ ஃபெராஸ், ஃபிரடெரிகோ ஃபினான் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இந்த இரண்டு வகை ஊர்களையும் ஒப்பிட்டார்கள். தேர்தலுக்கு முன்பே ஊழல் வெளிப்பட்ட ஊர்களில் மேயர்கள் மறுபடி ஜெயிப்பது குறைந்தது. உள்ளூர் வானொலி இருந்த ஊர்களில் இன்னும் அதிகமாகக் குறைந்தது. சுத்தமான மேயர் என்று தெரியவந்த இடங்களில் அவருக்கு லாபமாகவும் ஆனது. தணிக்கை அறிக்கை ஒரு அலுவலக அலமாரியில் கிடந்திருந்தால் இது நடந்திருக்காது. சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த வானொலி அதைச் சொன்னது, அதனால் நடந்தது.

நம்மிடமும் தகவல் இருக்கிறது, வானொலிதான் இல்லை. ஏ.டி.ஆர். தொடுத்த வழக்கில் 2002-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு வேட்பாளரும் தன் மீதுள்ள வழக்குகள், சொத்து, கடன், படிப்பு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்லியாக வேண்டும் என்று ஆனது. அதுதான் படிவம் 26. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், கிரிமினல் வழக்கு உள்ளவரை ஏன் நிறுத்துகிறோம் என்று கட்சிகள் காரணம் எழுதி வெளியிட வேண்டும், ‘வெற்றி வாய்ப்பு உள்ளவர்’ என்பதை மட்டும் காரணமாகக் காட்டக் கூடாது என்றது. கட்சிகளும் வெளியிடுகின்றன. எங்கே? நாளிதழின் உள்பக்கத்தில், டெண்டர் அறிவிப்புகளுக்குப் பக்கத்தில், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில். சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கும். எங்கள் அத்தைக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

இதில் முதல் குற்றவாளி யார் என்று கேட்டால், கட்சிகள்தான் என்று தயங்காமல் சொல்வேன். சட்டமன்றத் தொகுதி ஒன்றில் ஒரு வேட்பாளர் 40 லட்சம் ரூபாய் வரை செலவு செய்யலாம் என்பது தேர்தல் ஆணையம் வைத்த வரம்பு. அந்த வரம்பு எங்கே, உண்மைச் செலவு எங்கே என்பது தொகுதியில் உள்ள ஒவ்வொருவருக்கும் தெரியும். சீட்டுக் கேட்டு நேர்காணலுக்குப் போகிறவரிடம் எவ்வளவு செலவு செய்வீர்கள் என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கிறது என்று எல்லாக் கட்சிக்காரர்களும் சொல்கிறார்கள். அந்த வடிகட்டியிலேயே எளியவர்கள், நேர்மையானவர்கள் தங்கிவிடுகிறார்கள். வாக்காளர் கைக்கு வந்து சேருவது அதற்குப் பிறகு மிச்சமாகும் பட்டியல். 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-ல் ஆர்.கே. நகர், 2019-ல் வேலூர் என்று பணப் பட்டுவாடாவுக்காகவே தேர்தல்கள் ரத்தாகின. அந்தப் பணத்தை இறக்கியது வாக்காளர் இல்லை.

அதனால் ‘நல்லவனுக்கு எவன் ஓட்டுப் போடுறான்’ என்று கேட்பவர்களிடம் நான் இப்போது திருப்பிக் கேட்பது: நல்லவரை எந்தக் கட்சி நிறுத்தியது? நின்ற நல்லவர் அதற்கு முந்தைய ஐந்து வருஷம் எங்கே இருந்தார்?

இந்த இரண்டாவது கேள்வி நம்மில் உள்ள நல்லவர்களுக்கு. பொதுவாழ்வுக்கு வர நினைக்கும் கை சுத்தமான மனிதர்களே, தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு வந்து நின்று, தோற்றதும் மக்களைத் திட்டிவிட்டுப் போகாதீர்கள். எங்கள் ஊர் வாத்தியார் மனு எழுதுவதில் வண்டிக்காரரைவிடக் கெட்டிக்காரர். அவர் கதவைத் திறந்து வைத்திருந்தால் அத்தையின் இளஞ்சிவப்புச் சீட்டு அவருக்குத்தான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. போய் உட்காருங்கள், வரவு செலவைக் கேளுங்கள், யாராவது ஒருவருடைய மனுவைக் கையில் எடுத்துக்கொண்டு அலைந்து பாருங்கள். ஊர் உங்களைப் பார்க்கும்.

வாக்காளர்களாகிய நாமும் ஒன்று செய்யலாம். படிவம் 26 வேட்புமனு தாக்கலான கையோடு தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் ஏறிவிடுகிறது. ஓட்டுப் போடும் நாளுக்கு முன் இரண்டு வாரமாவது கைவசம் இருக்கும். உங்கள் தொகுதியில் நிற்கும் முக்கியமான நாலைந்து பேருடையதை இறக்கிப் படியுங்கள். எந்தப் பிரிவில் வழக்கு என்று பாருங்கள். மறியல் வழக்கையும் கொலை வழக்கையும் ஒன்றாக எண்ணாதீர்கள். ஐந்து வருஷ வருமானத்தையும் சொத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு அதை உங்கள் வீட்டிலும் தெருவிலும் உள்ள, அந்தப் பத்திரத்தைத் தேடிப் படிக்க வழியில்லாத பெரியவர்களுக்குச் சாவகாசமாக உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். யாருக்குப் போட வேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.